ஷரோனா போனாள், நட்டாலி வந்தாள்!

நீங்கள் விரும்பிப் பார்க்கும் தொலைக்காட்சித் தொடர் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் தவறாமல் பார்க்கிறீர்கள். அதில் வரும் ஒரு பெண் உங்கள் வீட்டு ஆள் மாதிரியே ஆகிவிட்டாள். அவள் எப்போது கோபப்படுவாள், எப்போது சிரிப்பாள் என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. சில மாத இடைவேளைக்குப் பிறகு தொடர் மறுபடி ஆரம்பமாகிறது. ஆசையோடு உட்காருகிறீர்கள். பார்த்தால் அவளைக் காணோம்! அவள் நின்ற இடத்தில் வேறொருத்தி நிற்கிறாள்.

2005ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் திகதி, ஒரு வெள்ளிக்கிழமை இரவு, ஐக்கிய அமெரிக்காவில் இலட்சக்கணக்கான வீடுகளில் இதுதான் நடந்தது. தொடரின் பெயர் 'மொங்க்'. போனவள் ஷரோனா. வந்தவள் நட்டாலி. அன்று தொடங்கிய வாக்குவாதம் இன்றைக்கும் ஓய்ந்தபாடில்லை. பழைய அங்கங்களைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கும் இளையவர்கள்கூட, மூன்றாம் பருவத்தின் நடுப்பகுதிக்கு வந்ததும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஷரோனா கட்சி, நட்டாலி கட்சி!

ஒரு நகைச்சுவைத் தொடரில் ஒரு நடிகை மாறியதற்கு இவ்வளவு ஆரவாரமா என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆனால் இந்தச் சண்டையைச் சற்றுக் கூர்ந்து பார்த்தால், அது இரண்டு நடிகைகளைப் பற்றிய சண்டையே அல்ல என்பது விளங்கும்.

யார் இந்த மொங்க்?

முதலில் கதையைச் சொல்லிவிடுவோம். ஏட்ரியன் மொங்க் என்பவர் சன் பிரான்சிஸ்கோ பொலிஸில் பேர்போன துப்பறிவாளர். 1997இல் அவரது மனைவி ட்ரூடி கார்க் குண்டுவெடிப்பில் கொல்லப்படுகிறாள். அந்த அதிர்ச்சி அவரை உடைத்துப் போட்டுவிடுகிறது. சிறுவயது முதலே அவரிடம் இருந்த ஒரு மனநோய், கட்டை அவிழ்த்துவிட்டது போல் பெருகுகிறது. டொக்டர்கள் ஓ.சி.டி. என்று சுருக்கமாகச் சொல்லும் நோய் அது. தொட்டதையே தொட்டுப் பார்ப்பது, கழுவியதையே கழுவுவது, எண்ணியதையே எண்ணுவது. நமது வீடுகளில் பெரியவர்கள் 'வஸ்வாஸ்' என்று சொல்வார்களே, அதன் முற்றிய நிலை என்று வைத்துக்கொள்ளலாம்.

அவருக்குக் கிருமி பயம், உயரம் பயம், கூட்டம் பயம். பால் கூடப் பயம்! சாய்ந்திருக்கும் படத்தை நேராக்காமல் அவரால் ஒரு கொலையைப் பற்றிச் சிந்திக்க முடியாது. ஆனால் அதே கண்தான் வேறு எவரும் காணாத சின்னஞ்சிறு தடயத்தையும் கண்டுபிடிக்கிறது. பொலிஸ் வேலை பறிபோனாலும், கெப்டன் ஸ்டொட்டில்மேயர் தம்மால் முடியாத வழக்குகளுக்கு அவரையே அழைக்க வேண்டியிருக்கிறது.

2002 ஜூலை 12ஆம் திகதி யூ.எஸ்.ஏ. நெட்வேர்க் என்ற கேபிள் சேவையில் ஆரம்பித்து, 2009 டிசம்பர் 4ஆம் திகதி வரை எட்டுப் பருவங்கள், 125 அங்கங்கள் ஓடியது இத்தொடர். இதை உருவாக்கியவர் அன்டி பிரெக்மன். மொங்க்காக நடித்த டோனி ஷல்ஹூப், லெபனானிலிருந்து குடியேறிய அரபுக் கிறிஸ்தவக் குடும்பமொன்றின் பிள்ளை. இந்தப் பாத்திரத்துக்காக 2003, 2005, 2006 ஆகிய மூன்று ஆண்டுகளில் எமி விருது பெற்றார். இந்த ஆண்டுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்படிப்பட்ட மனிதர் தனியாக வெளியே இறங்க முடியுமா? முடியாது. யாராவது ஒருவர் கூடவே வேண்டும். எவரிடமாவது கைகுலுக்கிவிட்டால் அடுத்த நொடியே கை துடைக்க ஈரக் கடதாசி எடுத்து நீட்ட ஒருவர் வேண்டும். அந்த ஒருவர்தான் ஷரோனா.

அதட்டும் தாதி

ஷரோனா ஃபிளெமிங் தொழில்முறைத் தாதி. நியூ ஜேர்ஸிக்காரி. விவாகரத்தாகி, பென்ஜி என்ற மகனைத் தனியாக வளர்ப்பவள். வாய் கொஞ்சம் நீளம், பொறுமை கொஞ்சம் குறைவு. மொங்க் ஒரு வாசலில் தயங்கி நின்றால் இழுத்துக்கொண்டு போவாள். அதிகம் பிடிவாதம் பிடித்தால் நடுத்தெருவிலேயே சத்தம் போடுவாள். கோபம் முற்றினால் வேலையை விட்டுப் போகிறேன் என்பாள். ஆனால் போகமாட்டாள்.

இந்தப் பாத்திரத்தை ஏற்றவர் பிட்டி ஷ்ராம். 1992இல் வெளியான 'எ லீக் ஒஃப் தெயர் ஓன்' என்ற பேஸ்போல் படத்தில், டொம் ஹாங்ஸிடம் திட்டு வாங்கி மைதானத்திலேயே அழும் பெண்ணை ஞாபகமிருக்கிறதா? அவர்தான் இவர்! அங்கே திட்டு வாங்கியதற்கெல்லாம் சேர்த்து இங்கே வட்டியோடு கொடுத்தார் எனலாம். இதற்காக கோல்டன் குளோப் விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டார்.

ஷரோனா கட்சியினர் அடிக்கடி நினைவூட்டும் அங்கம் ஒன்றுண்டு. 2003இல் வந்த சர்க்கஸ் கதை. அதில் ஷரோனாவுக்கு யானை என்றால் பயம் என்று தெரியவருகிறது. உலகத்திலுள்ள எல்லாவற்றுக்கும் பயப்படும் மொங்க், அவளுடைய ஒரேயொரு பயத்துக்கு மட்டும் துளி அனுதாபமும் காட்டவில்லை. மனதைத் திடப்படுத்திக்கொள் என்பது போல் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்கிறார். அவ்வளவுதான்! அவளுக்கு வந்த ஆத்திரத்தைப் பார்க்கவேண்டுமே. எத்தனை வருடமாக உன் பயங்களை நான் சுமக்கிறேன் என்ற நியாயமான ஆத்திரம் அது. நோயாளியைப் பராமரிக்கும் எத்தனையோ பெண்கள் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றை அந்த நகைச்சுவைக் காட்சி சொல்லிவிட்டது.

2004இல் இன்னோர் அங்கம் வந்தது. ஷரோனாவுக்குத் தன் புத்தியே பேதலித்துவிட்டதோ என்று சந்தேகம் வருமளவுக்கு ஏதேதோ நடக்கின்றன. ஓய்வெடுக்கிறாள். அவளது இடத்துக்குத் தற்காலிகமாக வார்லா என்றொரு தாதி வருகிறாள். நீசி நாஷ் நடித்த இந்த வார்லா, ஷரோனாவைவிடப் பத்து மடங்கு கண்டிப்பு. மொங்க் நடுங்கிப்போகிறார். அப்போதுதான் பார்ப்பவர்களுக்கு ஒரு வித்தியாசம் புரிகிறது. ஷரோனாவின் அதட்டலில் உரிமை இருந்தது. வார்லாவின் அதட்டலில் அதிகாரம் மட்டுமே இருந்தது.

அந்தக் கதையில் ஷரோனா திரும்பி வந்துவிட்டாள். சில வாரங்களுக்குள் அவள் நிரந்தரமாகப் போகப் போகிறாள் என்பதை யார் அறிந்தார்?

சொல்லாமல் போனவள்

2004 ஓகஸ்ட் 20ஆம் திகதி ஒளிபரப்பான அங்கத்தின் தலைப்பு, 'மிஸ்டர் மொங்க் மருந்து எடுக்கிறார்' என்று பொருள்படும். அதுதான் ஷரோனாவின் கடைசி. ஆனால் கடைசி என்று அதில் ஒரு வார்த்தை கூட இல்லை. அழுகை இல்லை, விடைபெறல் இல்லை, பெட்டி கட்டுதல் இல்லை. வழமையான ஒரு வாரம் போல முடிந்தது.

திரைக்குப் பின்னால் நடந்தது சம்பளப் பேச்சுவார்த்தைச் சிக்கல் என்று அக்காலப் பத்திரிகைகள் எழுதின. அதன் உள் விவகாரங்களுக்குள் நாம் போகவேண்டியதில்லை. திரையில் சொல்லப்பட்ட காரணம் வேறு: ஷரோனா தன் முன்னாள் கணவனையே மறுமணம் செய்துகொண்டு நியூ ஜேர்ஸிக்குத் திரும்பிவிட்டாளாம். இதையும் நாம் பார்க்கவில்லை. ஜனவரியில் தொடர் திரும்பியபோது போகிற போக்கில் சொல்லக் கேட்டோம், அவ்வளவுதான்.

இரசிகர்களின் மனத்தாங்கலுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. நட்டாலியைப் பிடிக்கவில்லை என்று சொன்னவர்களில் பலர் உண்மையில் நட்டாலியைப் பற்றிப் பேசவில்லை. இரண்டரை வருடம் கூட இருந்த ஒருத்தி வாசல்படியில் நின்று "போய் வருகிறேன்" என்று சொல்லாமல் போய்விட்டாளே என்றுதான் பேசினார்கள். அதிலும், முன்னாள் கணவனை நம்பிப் பட்ட பாடு அவளுக்குப் போதாதா, மறுபடி அவனிடமேவா என்று பெண் இரசிகைகள் அங்கலாய்த்தார்கள். ஷரோனாவைப் போன்ற புத்திசாலிப் பெண்ணுக்கு எழுத்தாளர்கள் அவசரத்தில் தைத்துப் போட்ட சட்டை அது. அளவு பொருந்தவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், மாற்றம் என்பதையே தாங்கமுடியாத மனிதனைப் பார்த்து மூன்று பருவம் சிரித்தவர்கள், தங்கள் தொடரில் ஒரு மாற்றம் வந்ததும் மொங்க்கைப் போலவே நடந்துகொண்டார்கள்!

இது முதல் தடவையும் அல்ல. முதல் பருவத்துக்கு ஜெஃப் பீல் அமைத்த ஆரம்ப இசை, 2003இல் எமி விருது பெற்றது. இரண்டாம் பருவத்தில் அதைத் தூக்கிவிட்டு ரண்டி நியூமனின் பாடலைப் போட்டார்கள். இரசிகர்கள் கொதித்தார்கள். அந்தப் பாடலும் 2004இல் எமி விருது பெற்றது என்பது வேறு விடயம். எழுத்தாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு அங்கத்தில், தொலைக்காட்சித் தொடரொன்றின் மீது வெறிபிடித்த இரசிகை ஒருத்தியைப் படைத்தார்கள். தான் விரும்பும் தொடரின் ஆரம்ப இசையை மாற்றிவிட்டார்களே என்று அவள் மொங்க்கிடமே புலம்புகிறாள். என்றாவது உங்களைப் பற்றி ஒரு தொடர் வந்தால் இசையை மட்டும் மாற்றவிடாதீர்கள் என்கிறாள். அந்த அங்கம் முடியும்போது பழைய இசையே ஒலிக்கிறது! சாரா சில்வர்மன் நடித்த இந்தக் காட்சி, இரசிகர்களைக் கிண்டலும் செய்தது, சமாதானமும் செய்தது. ஷரோனா விடயத்தில் இப்படியொரு சமாதானம் கிடைக்க இரசிகர்கள் ஐந்து வருடம் காத்திருக்கவேண்டி வந்தது.

மீன் தொட்டியோடு வந்தவள்

இனி நட்டாலியிடம் வருவோம். துப்பறியும் கதையில் வாசகனைத் தவறான பக்கம் இழுத்துச் செல்லும் பொய்த் தடயத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு மீனின் பெயரைச் சொல்வார்கள். அந்தப் பெயரையே தலைப்பாக வைத்து ஒரு மீன் தொட்டிக் கதையை எழுதியிருந்தார்கள்.

நட்டாலி டீகர், மதுச்சாலையில் வேலை பார்க்கும் ஓர் இளம் விதவை. பதினொரு வயது மகள் ஜூலியோடு வசிக்கிறாள். வீட்டுக்குள் அடுத்தடுத்து அந்நியர்கள் புகுகிறார்கள். ஒருவனோடு போராடும்போது கத்தரிக்கோலால் குத்திவிட, அவன் இறந்துபோகிறான். விலையுயர்ந்த பொருளெதுவும் இல்லாத வீட்டில் எதைத் தேடி வந்தார்கள்? கெப்டன் அவளை மொங்க்கிடம் அனுப்புகிறார். மகளின் மீன் தொட்டிக்குள் கிடந்த சாதாரணக் கல், நிலவிலிருந்து கொண்டுவரப்பட்ட கல் என்று தெரியவருகிறது. கதை முடிவில் நட்டாலிக்கு வேலை கிடைக்கிறது.

ட்ரெய்லர் ஹவார்ட் இந்தப் பாத்திரத்தை ஏற்றார். அவரது நிலைமையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். மூத்தாள் விட்டுப்போன அடுக்களைக்குள் நுழையும் இளையாளின் நிலைமை. எதைத் தொட்டாலும் "அவள் இப்படிச் செய்யமாட்டாள்" என்று சொல்லப் பல இலட்சம் பேர் காத்திருக்கிறார்கள்!

இங்கே எழுத்தாளர்கள் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டார்கள் என்றே சொல்லவேண்டும். ஷரோனாவின் வசனங்களை அப்படியே தூக்கி நட்டாலியின் வாயில் வைக்கவில்லை. இவள் தாதியல்ல, உதவியாளர். இவளுக்கு மனநோய் பற்றி ஒரு புத்தகமும் தெரியாது. ஆனால் வேறொன்று தெரியும். இவளது கணவன் கடற்படை விமானி, கொசோவோவில் உயிரிழந்தவன். துணையை இழந்த வெறுமை எப்படியிருக்கும் என்பதை ஷரோனாவால் மொங்க்கிடம் கேட்டுத்தான் அறியமுடியும். நட்டாலிக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

நட்டாலி கட்சியினரின் முதல் வாதம் இதுவே. ட்ரூடியின் பெயரைக் கேட்டதும் மொங்க்கின் முகம் வாடுமே, அப்போது நட்டாலி பேசாமல் பக்கத்தில் நிற்பாள். அந்த மௌனத்தை ஷரோனாவால் தந்திருக்க முடியாது என்பார்கள்.

ஷரோனா கட்சியின் பதில் என்ன? நட்டாலி ரொம்பவும் நல்லவள், அதுதான் அவளிடமுள்ள குறை என்பது! உரசல் இல்லாவிட்டால் நெருப்பு வராது, நெருப்பு இல்லாவிட்டால் சிரிப்பு வராது என்பது அவர்கள் கட்சி. இதிலும் உண்மை உண்டு. ஆனால் நட்டாலி ஒன்றும் வாயில்லாப் பூச்சி அல்ல. சம்பளத்தையும் செலவுக் காசையும் கேட்டு அவள் மொங்க்கோடு மல்லுக்கட்டும் இடங்கள் எத்தனை! அவரோ காசு விடயத்தில் படு கெட்டி. பின்னர்தான் தெரிகிறது, அவள் பற்பசைத் தொழிலால் கோடீஸ்வரரான குடும்பத்தில் பிறந்தவள் என்பது. அதை உதறிவிட்டுச் சொந்தக் காலில் நிற்பவள். (இந்தப் பற்பசை விவகாரம் அவ்வளவாக நம்பும்படி இல்லை என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.)

ஏட்ரியனா, மிஸ்டர் மொங்க்கா?

இரண்டு பெண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை ஒரே சொல்லில் காட்டலாம். ஷரோனா அவரை 'ஏட்ரியன்' என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். நட்டாலியோ எப்போதும் 'மிஸ்டர் மொங்க்'. ஆபத்தில் கத்தும்போதும் அப்படித்தான், சண்டை பிடிக்கும்போதும் அப்படித்தான்.

பெயர் சொல்லி அழைத்தவள் அவரைச் சமமாக, சில வேளை தம்பியாக, நடத்தினாள். நீ நினைத்தால் முடியும், எழும்பு என்றாள். 'மிஸ்டர்' போட்டு அழைத்தவள் மரியாதை கொடுத்தாள், அவருக்குள் இருக்கும் மேதையைக் கண்டு வியந்தாள், அவரது பயங்களுக்கும் கொஞ்சம் இடம் விட்டாள். இரண்டில் எது அன்பு?

இந்தக் கேள்விதான் இருபது வருடமாக அந்த இரசிகர்களைப் பிரித்து வைத்திருக்கிறது. கேள்வி தொலைக்காட்சியோடு நிற்பதில்லை என்பது உங்களுக்கே தெரியும். மனநோயாளியோ, மறதி நோயுள்ள பெரியவரோ இருக்கும் வீட்டில், இரண்டு சகோதரிகள் இதே விடயத்தில் முரண்படுவதை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்களா? "நீ செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாய்" என்பாள் ஒருத்தி. "உனக்கு நெஞ்சில் ஈரமில்லை" என்பாள் மற்றவள்.

மருத்துவம் என்ன சொல்கிறது? ஓ.சி.டி. உள்ளவருக்காக வீட்டாரும் சேர்ந்து கதவைப் பத்துத் தடவை பூட்டிப் பார்ப்பதும், அவர் கேட்கும்போதெல்லாம் "சுத்தமாக இருக்கிறது, சுத்தமாக இருக்கிறது" என்று உறுதி கொடுப்பதும் அந்த நேரத்துக்கு நிம்மதி தரும். ஆனால் நோயை வேரூன்றச் செய்யும். பயப்படும் பொருளைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளப் பழக்கி, அதன் பின் கழுவவோ எண்ணவோ ஓடாமல் தரித்திருக்கச் செய்வதே இந்நோய்க்கு நன்கு நிரூபிக்கப்பட்ட சிகிச்சை முறை. இந்த வகையில் ஷரோனாவின் பக்கம் ஒரு புள்ளி. ஆனால் பொறுங்கள்! வீட்டாரின் கோபமும் இளக்காரமும் நிறைந்த அதட்டல் நோயைக் குறைப்பதில்லை, அத்தகைய வீடுகளில் சிகிச்சையின் பலனே குறைகிறது என்பதும் மருத்துவர்கள் கண்டதுதான். இங்கே புள்ளி நட்டாலிக்கு. ஈரக் கடதாசியை என்னவோ இருவருமே தயங்காமல் எடுத்து நீட்டினார்கள். டொக்டர்கள் பார்த்தால் இரண்டு பேருக்குமே மார்க் குறைப்பார்கள்!

பிந்திய பருவங்களில் மொங்க்கின் நோய் சிரிப்புக்காகவே மிகைப்படுத்தப்பட்டது, அவர் வளர்ந்த குழந்தை போல் ஆகிவிட்டார் என்று குறை சொன்னோர் அநேகர். எனக்கும் அந்த எண்ணம் உண்டு. முதலிரண்டு பருவங்களில் அவரது துயரத்தின் மீது சிரிப்பு மெல்லியதாகப் படர்ந்திருக்கும். பின்னால் சிரிப்பு தடித்துவிட்டது. ஆனால் இந்தப் பழியை நட்டாலியின் தலையில் போடுவது நியாயமல்ல. நீண்டகாலம் ஓடும் எந்தத் தொடருக்கும் வரும் நோய் அது. ஷல்ஹூபின் மூன்று எமி விருதுகளை எண்ணிப் பாருங்கள். 2003இல் பெற்றபோது அருகில் நின்றது ஷரோனா. 2006இல் நட்டாலி. நடுவிலுள்ள 2005ஆம் ஆண்டு விருதோ, பாதி ஷரோனாவும் பாதி நட்டாலியும் இருந்த அந்த மூன்றாம் பருவத்துக்கு உரியது!

மரணமும் மாற்றமும்

இத்தொடரில் இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. மொங்க்கின் மனநல மருத்துவர் டொக்டர் குரோகராக நடித்த ஸ்டான்லி கமெல், 2008 ஏப்ரலில் மாரடைப்பால் காலமானார். எழுத்தாளர்கள் இம்முறை மறைக்கவில்லை. அந்த ஆண்டு ஏழாம் பருவம் தொடங்கிய முதல் அங்கத்திலேயே குரோகரும் மாரடைப்பால் இறந்துவிட்டார் என்று காட்டினார்கள். மொங்க் துக்கப்பட்டார், தடுமாறினார். அதன் பிறகே ஹெக்டர் எலிசோண்டோ நடித்த டொக்டர் பெல் வந்தார்.

பார்வையாளர்கள் புது டொக்டரை எந்த ஆர்ப்பாட்டமுமின்றி ஏற்றுக்கொண்டார்கள். நல்ல நடிகர் என்பது ஒரு காரணம். முக்கிய காரணம், அழுவதற்கு அவர்களுக்கு ஒரு மணிநேரம் கொடுக்கப்பட்டது. ஷரோனாவுக்கு அந்த ஒரு மணிநேரம் கொடுக்கப்படவில்லை.

பிரித்தானியாவில் 2011 முதல் பி.பி.சி. ஒளிபரப்பும் 'டெத் இன் பரடைஸ்' என்ற தொடரும் இதே வகைதான், சிரிப்பும் கொலையும் கலந்தது. அதில் மாறுவது உதவியாளர் அல்ல, துப்பறிவாளரே! முதலாமவராக நடித்த பென் மில்லரை 2014இல் திரையிலேயே கொன்றுவிட்டார்கள். அவருக்குப் பின் கிறிஸ் மார்ஷல், ஆர்டல் ஓஹன்லன், ரால்ஃப் லிட்டில், டொன் கிலெட் என்று வரிசையாக ஆட்கள் வந்தார்கள். முதல் மரணத்துக்குத் திகைத்த இரசிகர்கள், பின்னர் அடுத்தவர் யார் என்று ஆவலோடு கேட்கப் பழகிக்கொண்டார்கள். அந்தக் கரிபியன் தீவுக்கு அந்நியன் ஒருவன் வந்து இறங்குவதே அங்கே கதை, ஆகவே புது ஆள் வந்தால் கதை கெடாது. மொங்க்கின் கதையோ அப்படியல்ல. வீட்டிலிருந்து வெளியே வரமுடியாத மனிதனுக்குக் கைப்பிடிச் சுவராக நின்றவள் போனால், பார்ப்பவனுக்கும் கால் தடுமாறத்தானே செய்யும்?

இருவரும் ஒரே அறையில்

இரண்டு பெண்களையும் நேருக்கு நேர் நிறுத்த முதலில் துணிந்தது தொலைக்காட்சி அல்ல, புத்தகம். இத்தொடரை ஒட்டி நாவல்கள் எழுதிய லீ கோல்ட்பேர்க், 2007இல் வெளியிட்ட ஒரு நாவலில் ஷரோனாவைத் திரும்பக் கொண்டுவந்து நட்டாலியோடு மோதவிட்டார். புத்தகத்தின் பெயரே இரண்டு உதவியாளர்களைப் பற்றியதுதான்.

தொலைக்காட்சி அதைச் செய்தது 2009 ஒக்டோபரில், தொடர் முடிய ஒன்றரை மாதம் இருக்கும்போது. 'மிஸ்டர் மொங்க் அன்ட் ஷரோனா' என்ற அந்த அங்கத்தில், மாமா ஒருவரின் மரணம் தொடர்பான காரியமாக ஷரோனா ஊருக்கு வருகிறாள். மொங்க்குக்கு ஏற்படும் சந்தோசத்தைச் சொல்லவேண்டுமா? முதலில் பெண்கள் இருவரும் நன்றாகத்தான் கதைக்கிறார்கள். ஆனால் மொங்க்கை எப்படி நடத்துவது என்ற பேச்சு வந்ததும் பிடித்துக்கொள்கிறது சண்டை! ஐந்து வருடமாக இரசிகர்கள் போட்ட அதே சண்டை. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தங்கள் வாக்குவாதத்தையே திரையில் காண்பது போலிருந்திருக்கும்.

அத்தோடு இன்னொரு கடனும் தீர்க்கப்பட்டது. முன்னாள் கணவனோடு சேர்ந்த அந்த வாழ்வு நிலைக்கவில்லை என்று தெரியவந்தது. ஷரோனாவுக்கும் லெப்டினன்ட் ரண்டிக்கும் பழைய நாளிலிருந்தே இருந்த சீண்டல் பேச்சு இப்போது வேறு நிறம் பெற்றது. இறுதி அங்கத்தில் ரண்டி நியூ ஜேர்ஸியின் சமிட் என்ற ஊருக்குப் பொலிஸ் தலைவராகப் போகிறார், ஷரோனாவோடு வாழ. அளவு பொருந்தாத அந்தச் சட்டையைக் கழற்றிவிட்டு, அவளுக்கென்று ஒன்றைப் பொறுமையாகத் தைத்துக் கொடுத்துவிட்டார்கள். ஷரோனா கட்சியினர் பலர் அன்றுதான் மனம் ஆறினார்கள்.

இறுதி அங்கத்தை 94 இலட்சம் பேர் பார்த்தார்கள். கேபிள் சேவையில் ஒரு மணிநேர நாடகத் தொடர் எதுவும் அதற்கு முன் கண்டிராத தொகை அது. 2012இல் 'தி வோக்கிங் டெட்' தொடர் முறியடிக்கும் வரை அந்தச் சாதனை நின்றது. ஷரோனா போன பிறகு இந்தத் தொடரை யார் பார்ப்பார்கள் என்று 2005இல் கேட்டவர்களும் அந்த 94 இலட்சத்துக்குள் இருந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். கோபித்துக்கொண்டே பார்ப்பதும் ஒருவகைப் பாசம்தானே!

நீங்கள் இத்தொடரைப் பார்க்க எண்ணினால், நடுவிலிருந்து தொடங்காதீர்கள். முதலிலிருந்து பாருங்கள். ஷரோனாவோடு பழகி, அவள் போனதற்குக் கோபப்பட்டு, நட்டாலியை முறைத்துப் பார்த்து, பிறகு எந்த அங்கத்தில் அவளைப் பிடித்துப்போனது என்று தெரியாமலே பிடித்துப்போகட்டும்.

14 வருடங்களுக்குப் பின், 2023 டிசம்பர் 8ஆம் திகதி, 'மிஸ்டர் மொங்க்கின் கடைசி வழக்கு' என்று பொருள்படும் திரைப்படம் பீகொக் சேவையில் வெளியானது. ஷல்ஹூபுக்கு வயது எழுபது. கெப்டன் வந்தார், ரண்டி வந்தார், டொக்டர் பெல் வந்தார். ஷரோனா வரவில்லை. நட்டாலி ஒரு கல்யாணத்துக்காக ஊர் திரும்பியிருந்தாள். இத்தனை வருடம் கழித்தும் அவள் வாயில் வந்தது அதே 'மிஸ்டர் மொங்க்' தான்.